டிரைவர் சரியில்லை

உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா சார்? தெரியாதா? ரொம்ப நல்லது. தெரிஞ்சவங்களாலதான் எனக்கு இந்த நிலைமை. கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, பையை நடுவுல வச்சுக்கிடுதேன். தூத்துக்குடிதானே நீங்களும்? பேசிக்கிட்டே போயிருவோம்.

கோயில்பட்டியில சுடர் ஸ்டூடியோன்னு கேட்டா யாரும் கை காட்டுவாக. அது நம்மதுதான். பேரு தங்கமாரியப்பன். இருபத்திரெண்டு வருசமாக் கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாம் எடுத்தாச்சு. போட்டோ எடுக்கிறதுல என்னை ஒருத்தன் குறை சொல்ல முடியாது. ஆனா இப்பல்லாம் போட்டோவை எடுக்கிறவனுக்கா மரியாதை? எடுத்த பெறகு கம்ப்யூட்டர்ல போட்டு வெளுப்பாக்கி, மெலிசாக்கி, பருவை எடுத்து, முடியை வச்சுக் குடுக்கிறவங்களுக்குத்தான் மரியாதை.

அந்த வேலைக்கு ஒருத்தி இருந்தா. ஜெபக்கனின்னு பேரு. ஒம்போது வருசம் நம்ம கடையிலதான். வேலைக்கு வந்தப்ப மவுஸைப் பிடிக்கவே பயந்தா. நான்தான் பழக்கினேன். நான்னா, நான் நேரடியா இல்ல, எனக்கு அது தெரியாது. ஆனா நம்ம கடையில உக்காந்துதானே பழகுனா? அதான் சொல்லுதேன்.

போன வருசம் எங்க போட்டோகிராபர் சங்கச் செயலாளர் சீனிராஜ் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினாரு. அதைப் போட்டா படமெல்லாம் பறக்கும்னாரு. சரி, அவரு வாங்கினா நாம சும்மா இருக்க முடியுமா? அதை விடப் பெருசா ஒண்ணு வாங்கிப் போட்டேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கவாட்டுல கண்ணாடி மாட்டியிருக்கு. அதுக்குள்ள மூணு ஃபேன் சுத்தும், சிவப்பு, பச்சை, ஊதான்னு லைட்டு ஓடும். கஸ்டமர் வந்தா ஒரு நிமிசம் நின்னு பாத்துட்டுத்தான் உள்ள வருவாக. அந்தப் பிள்ளை ஜெபக்கனி என்ன சொல்லிச்சு தெரியுமா? "நமக்கு இவ்வளவு பெருசு தேவையில்லையே அண்ணாச்சி"ன்னுச்சு. பாத்தீங்களா, வாயி.

வைகாசியில அழகர்சாமி வாத்தியார் வீட்டுக் கல்யாணம் எடுத்தோம். அவரு மக சுபாஷினிக்கு. பெரிய ஆல்பம் ஆர்டர். ஜெபக்கனி உக்காந்து பக்கம் பக்கமாச் செஞ்சுக்கிட்டிருந்தா. ஒரு செவ்வாக்கிழமை காலையில கம்ப்யூட்டரைப் போட்டா, அதுவா ஏதோ அப்டேட்டுன்னு சுத்துச்சு, அரை மணி நேரம் சுத்துச்சு. அப்புறம் படத்தைத் திறந்தா, பொண்ணு முகத்துல ஒரு கறுப்புக் கட்டம். தள்ளிப் பாத்தா மாப்பிள்ளை முகத்துல. பெருசு பண்ணிப் பாத்தா மூணு கட்டம். பிரஷை இழுத்தா அது அஞ்சு நிமிசம் கழிச்சு வருது. கொஞ்ச நேரத்துல சாஃப்ட்வேரே மூடிக்கிட்டு.

நம்ம விஞ்ஞானி என்ன செஞ்சா? கையில போனை எடுத்துப் பத்து நிமிசம் எதையோ வாசிச்சா. முதலாளி எதிர்ல நிக்கேன், அவ போன் பாக்கா. பாத்துட்டுச் சொல்லுதா, "அண்ணாச்சி, டிரைவர் சரியில்லை."

எந்த டிரைவர்? நமக்குத் தெரிஞ்ச டிரைவர் வேன் ஓட்டுற பாக்கியராஜ்தான். அவன் நேத்துத்தான் லீவு போட்டுக் குலசேகரப்பட்டினம் போயிருந்தான். "அவனுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"னேன். சிரிச்சிட்டா. கடையில நாலு பேரு இருக்கும்போது சிரிச்சிட்டா சார். அப்புறம் விளக்கினா. கார்டை ஓட்டுறதுக்குன்னு ஒரு புரோகிராம் உண்டாம், அதுக்குப் பேரு டிரைவராம். காலையில வந்த அப்டேட்டுல அது புதுசா மாறிட்டாம். புது டிரைவருக்கும் நம்ம சாஃப்ட்வேருக்கும் ஒத்து வரலையாம். பழைய டிரைவரையே திருப்பிப் போடணுமாம். அது வரைக்கும் செட்டிங்ஸ்ல 'கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்து'ன்னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துட்டா வேலை கொஞ்சம் மெதுவா நடக்கும், ஆனா கட்டம் வராது. இவ்வளவுதான் அவ சொன்னது.

நீங்களே சொல்லுங்க. புதுசு வந்தா சரியில்லையாம், பழசு போட்டா சரியாகுமாம். உலகத்துல எங்கயாவது நடக்குமா? அதோட, அவ்வளவு பெரிய கார்டை வாங்கி மாட்டிட்டு, அதைப் பயன்படுத்தாதேன்னு டிக்கை எடுக்கணுமாம். நான் முடியாதுன்னுட்டேன்.

நான் என் வழியில பாத்தேன். கரண்டு சரியில்லாம இருக்கும்னு யூபிஎஸ்ஸை மாத்தினேன். சூடா இருக்கும்னு ஏசியைப் பதினாறுல வச்சேன். ஜெபக்கனி சால்வையைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தா, அது அவ சௌகரியம். சீனிராஜுக்குப் போன் போட்டேன், மானிட்டர் தெக்க பாத்து இருந்தா அப்படித்தான்னாரு. மேசையைக் கெழக்கப் பாக்கத் திருப்பினேன். திருப்பும்போது எந்த வயரோ கழண்டு அரை நாள் போச்சு. கடைசியில ஒரு எலுமிச்சம்பழமும் வச்சேன். கண்ணாடிக்குள்ள பச்சை லைட்டுல பழம் நல்லாத்தான் இருந்துச்சு. கட்டம் மட்டும் போகல.

அந்த வாரம் வியாழக்கிழமை அழகர்சாமி வாத்தியார் செத்துப் போனாரு.

ஆமா சார். மக கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் ஆகல. ஸ்கூட்டரைத் துடைச்சுக்கிட்டு நின்னவரு அப்படியே சாஞ்சுட்டாரு. நெஞ்சு வலி. நல்ல மனுசன். நானும் மாலை வாங்கிட்டுப் போயிட்டு வந்தேன்.

அஞ்சாம் நாள் சுபாஷினி கடைக்கு வந்துச்சு. கழுத்துல தாலிக்கயிறு மஞ்சள் கூட மாறல. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கக் குடுத்த பென் டிரைவை வச்சு வீட்டுல எல்லாத்தையும் பாத்திருக்கு. ஒரு படத்து நம்பரைத் துண்டுச் சீட்டுல எழுதிட்டு வந்திருந்துச்சு.

"அண்ணா, இதுல அப்பா சிரிக்காங்க. எங்க அப்பா போட்டோவுல சிரிச்சு நாங்க பாத்ததே இல்ல. வாத்தியார் வேலை பாத்தவங்கல்லா, கேமராவைக் கண்டா வெறைச்சுக்கிடுவாங்க. இதைப் பெருசாக்கி ஃப்ரேம் போட்டு, பதினாறாம் நாளைக்குத் தந்திருங்க"ன்னுச்சு.

அந்தப் படம் நான் எடுத்தது. மேடையில மைக்செட்காரன் வயரைத் தட்டி விழப்பாத்தான், அதைப் பாத்து வாத்தியார் சிரிச்சாரு, கிளிக். ஆனா பக்கத்துல மாப்பிள்ளை, முன்னால யாரோ ஒரு கை, தோள்ல பாதி மாலை. எல்லாத்தையும் எடுத்துட்டு அவரை மட்டும் நிறுத்தணும். ஒரு நாள் வேலை. ஜெபக்கனி கைக்கு ஒரு நாள்.

மறுநாள் நான் மதியம் சாப்பிடப் போயிட்டு வந்தா, படம் திரையில நிக்கு. ஒரு கட்டம் இல்ல. கை போயிட்டு, மாப்பிள்ளை போயிட்டான், தோளு முழுசா வந்திருக்கு. வாத்தியார் தனியா நின்னு சிரிக்காரு. அப்புறம் பாக்கேன், மவுஸை நகட்டினா எல்லாம் ஆடி அசைஞ்சு வருது. கண்டுபிடிச்சிட்டேன். நான் இல்லாத நேரம் பாத்து டிக்கை எடுத்திருக்கா!

"நான் வாங்கிப் போட்ட கார்டை ஆஃப் பண்ண நீ யாரு?"ன்னேன்.

"ஒரு நாளைக்குத்தான் அண்ணாச்சி. இந்தப் படம் முடியட்டும். பாவம், அந்தப் பிள்ளை காத்துக்கிட்டிருக்கு"ன்னா.

"கடை என்னுதா உன்னுதா?"ன்னு கேட்டு, "மொத அந்த டிக்கைப் போடு"ன்னேன். படத்தை மூடினா, டிக்கைப் போட்டா. கட்டம் வந்துட்டு. "இப்பம் திருப்தியா?"ன்னு கேப்பாளோன்னு நின்னேன். கேக்கல. அதுதான் எனக்குக் கோவம். கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்லா?

சனிக்கிழமை அவ லீவு. மகன் பள்ளிக்கூடத்துல ஏதோ மீட்டிங். அன்னைக்குத்தான் சீனிராஜ் சொல்லி மதுரையிலிருந்து ரூபன்னு ஒரு எக்ஸ்பர்ட் வந்தாரு. எக்ஸ்பர்ட்டுன்னா, பாத்தாலே தெரியும் சார். கழுத்துல பட்டையில கார்டு, காதுல ஒண்ணு மாட்டியிருக்காரு, நம்மகிட்ட பேசுதாரா அதுகிட்ட பேசுதாரான்னு தெரியல. கம்ப்யூட்டரை ரெண்டு தட்டுத் தட்டிட்டு, "ஃபார்மட் பண்ணிருவோம், புதுசா ஆயிரும்"னாரு. எனக்கு அந்த வார்த்தை பிடிச்சிருந்துச்சு. பழசைத் திருப்பிப் போடணும்னு சொல்லல பாருங்க. "சி டிரைவ்ல முக்கியமா ஏதும் இருக்கா?"ன்னு கேட்டாரு. போட்டோ எல்லாம் வேற டிரைவ்லல்லா இருக்கு, அது எனக்கே தெரியும். "ஒண்ணும் இல்ல, அழிங்க"ன்னேன்.

ஜெபக்கனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேன்னு நினைக்கீங்க. முகத்துல தெரியுது. லீவுல இருக்கிற பிள்ளையைத் தொந்தரவு பண்ணக் கூடாது சார். அது ஒரு பண்பு. எல்லா முதலாளிக்கும் இருக்காது.

திங்கக்கிழமை வந்தா. கம்ப்யூட்டரைப் போட்டா. திரையில ஒரு மலைப் படம் மட்டும் இருக்கு. ரொம்ப நேரம் மலையையே பாத்தா. "அண்ணாச்சி, டெஸ்க்டாப்புல இருந்தது?"ன்னா.

"அழிச்சாச்சும்மா. இப்பம் புதுசு மாதிரி"ன்னேன்.

டெஸ்க்டாப்பும் அந்த சி டிரைவ்லதான் இருக்குமாம். அதுல என்ன இருந்துச்சுன்னு அப்புறந்தான் தெரிஞ்சது. ஆல்பத்துல அவ செஞ்ச நாப்பது பக்கம். வாத்தியார் படம். அது போக, ஒம்போது வருசமா அவ சேத்து வச்ச, படத்தைத் திருத்துற கம்ப்யூட்டர் பிரஷ். பட்டுச்சேலைக்கு ஒண்ணு, முடிக்கு ஒண்ணு, கறுத்த தோலை வெளுப்பாக்காம அழகாக்கிறதுக்குன்னு ஒண்ணு, எல்லாம் அவளே செஞ்சது. எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தாத்தானே? ஒரு தடவை காட்ட வந்தா, அன்னைக்கு எனக்கு நேரமில்ல.

சத்தம் போடுவான்னு பாத்தேன். அழுவான்னு பாத்தேன். டிபன் பாக்ஸை எடுத்தா, நாற்காலியில போட்டிருந்த மெத்தையை எடுத்தா, ஏசிக்குப் போத்திக்கிட்ட சால்வையை மடிச்சா. "வாறேன் அண்ணாச்சி"ன்னா. சரின்னேன். டீ குடிக்கத்தான் போறான்னு நினைச்சேன். மெத்தையை எடுத்துக்கிட்டு யாராவது டீ குடிக்கப் போவாங்களான்னு அப்பம் தோணல.

அவ படி இறங்கிக் கால் மணி நேரம் ஆகல, படத்தைத் திறக்கேன், கறுப்புக் கட்டம்! ரூபனுக்குப் போன் போட்டேன். "லேட்டஸ்ட் டிரைவர்தான் சார் போட்டிருக்கேன்"னாரு பெருமையா. லேட்டஸ்ட்டுன்னா எதுன்னு கேட்டா, அந்தச் செவ்வாக்கிழமை வந்தது. அதுக்குப் பெறகு அவரு போனை எடுக்கல. எக்ஸ்பர்ட்டுகளுக்கு வேலை அதிகம்.

பதினாறாம் நாளுக்கு நடுவுல மூணு நாளுதான். நானே உக்காந்தேன். இருபத்திரெண்டு வருசம் தொழில் பண்ணுறவனுக்கு இது என்ன பெரிய வித்தைன்னு உக்காந்தேன். மாப்பிள்ளையை எடுக்கப் போனா வாத்தியார் காதும் சேந்து போகுது. திரும்பக் காதை ஒட்டினேன். கட்டம் வரும், போகும், வரும். ஒரு வழியாச் சேவ் பண்ணும்போது கட்டம் இல்ல. கண்ணால பாத்தேன் சார், இல்ல. அப்படியே லேபுக்கு அனுப்பிட்டேன். லேப்காரன் பிரிண்ட் போட்டு, ஃப்ரேம்காரன் ஃப்ரேம் போட்டு, பேப்பர் சுத்திக் காலையில குடுத்தான். நேரமாச்சுன்னு அப்படியே வண்டியில வச்சு வாத்தியார் வீட்டுக்குக் கொண்டு போனேன்.

பிரிச்சுப் பாக்க வேண்டாமான்னு நீங்க கேக்கலாம். எல்லாரும் அதைத்தான் கேக்காக.

வீடு நிறைய ஆளு. மாலை, குத்துவிளக்கு, எல்லாம் தயார். நடுவுல ஒரு நாற்காலி காலியா இருக்கு, படம் வைக்கிறதுக்கு. நானே பேப்பரைப் பிரிச்சு, நானே நாற்காலியில வச்சேன்.

நெத்தியிலிருந்து மூக்கு வரைக்கும் கறுப்பு. கச்சிதமா, ஸ்கேல் வச்சு வெட்டின மாதிரி. அதுக்குக் கீழ வாயி மட்டும் சிரிக்கு.

வாத்தியார் சம்சாரம் எந்திரிச்சுக் கிட்ட வந்தாக. சேலை முந்தானையை எடுத்து அந்தக் கட்டத்தைத் துடைச்சாக. அழுக்குன்னு நினைச்சிருக்காக. துடைச்சாக, துடைச்சாக. சுபாஷினிதான் என்னைப் பாத்துக் கேட்டுச்சு, "அண்ணா, எங்க அப்பா கண்ணு எங்க?"

நான் என்ன சொல்ல? டிரைவர் சரியில்லம்மான்னேன். வாயில அதுதான் வந்துச்சு. பக்கத்துல ஒருத்தர் யாருப்பா டிரைவர்னு வாசலைப் பாக்காரு.

அப்பம் பின்னால பொம்பளைங்க கூட்டத்துக்குள்ள இருந்து ஜெபக்கனி வந்தா. அவளை யாரு கூப்பிட்டது? எனக்குத் தெரியாது. கையில ஒரு பை. பையிலிருந்து ஒரு ஃப்ரேமை எடுத்தா. நம்ம படத்தை எடுத்துக் கீழ வச்சுட்டு, அதை நாற்காலியில வச்சா. வாத்தியார் முழுசா இருக்காரு சார். கண்ணு, மூக்கு, காது, அவரு தோளு, அவரு சிரிப்பு. சுபாஷினிகிட்ட இருந்து அந்தப் பென் டிரைவை வாங்கி, தன் தங்கச்சி காலேஜ் படிக்கும்போது வாங்கின ஓட்டை லேப்டாப்புல வச்சுச் செஞ்சிருக்கா. அதுல கிராபிக்ஸ் கார்டே கிடையாது. அதுக்குப் பேரு லேப்டாப்பா, சொல்லுங்க.

அது கூடப் பரவாயில்ல. அவ சொன்னதுதான் எனக்குத் தாங்கல. கூட்டத்தைப் பாத்துச் சொல்லுதா, "அண்ணாச்சி ரெண்டு படம் போடச் சொன்னாங்க. அது லேப்ல கெட்டுப்போன பிரிண்ட், மாத்தி எடுத்துட்டு வந்துட்டாங்க. இதுதான் சரியானது"ன்னு.

எப்பேர்ப்பட்ட பொய் பாருங்க! நான் எப்பம் சொன்னேன்? சாவு வீட்டுல நின்னு, கூசாம ஒரு பொய். எனக்குப் பொய் சொல்லுறவங்களைக் கண்டாலே ஆகாது. வாத்தியார் சம்சாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நல்லாயிருப்பா"ன்னு அழுதாக. நானும் தலையை ஆட்டிட்டு நின்னேன். வேற என்ன செய்ய? அத்தனை பேரு முன்னால அவளைப் பொய்க்காரின்னு சொல்ல முடியுமா? சொல்லல. அவ மானத்தைக் காப்பாத்தினேன்.

சாப்பிட்டுட்டு வெளிய வந்து தேடுதேன், அவளைக் காணோம். பந்தியில கூட உக்காரல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாளாம்.

நேரா கடைக்கு வந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கி வச்சுட்டுக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தேன். செட்டிங்ஸ் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. ஒவ்வொண்ணாத் திறந்து, மூடி, திறந்து, ஒரு மணி நேரம். எல்லாம் இங்கிலீஷ். கடைசியில அந்த டிக் கிடைச்சிட்டு. எவ்வளவு சின்னது தெரியுமா சார்? உளுந்து அளவு கூட இல்ல. எடுத்தேன். கல்யாணத்துல நான் எடுத்த அந்த வாத்தியார் படத்தைத் திறந்தேன். மெதுவாத்தான் வந்துச்சு, மேல இருந்து கொஞ்சம் கொஞ்சமா. நெத்தி வந்துச்சு, கண்ணு வந்துச்சு. கட்டம் இல்ல. அவரு என்னையே பாத்துச் சிரிக்காரு. நான் எந்திரிச்சுப் போயி முகம் கழுவிட்டு வந்தேன். ஏசியில உக்காந்தா எனக்குக் கண்ணு எரியும், வேற ஒண்ணும் இல்ல.

சங்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், நானே சரி பண்ணிட்டேன்னு. உண்மைதானே? என் கையாலதான் எடுத்தேன்.

ஜெபக்கனி இப்பம் தூத்துக்குடியில ஒரு ஸ்டூடியோவுல வேலை பாக்காளாம். தெனம் கோயில்பட்டியிலிருந்து விடியக்காலம் பஸ்ஸேறுனா ராத்திரிதான் வீடு வாறா. அவளைத்தான் பாக்கப் போறேன். வேலைக்குத் திரும்பக் கூப்பிடன்னு நினைச்சிராதீங்க. எனக்கு ஆளா இல்ல? ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தன் பொண்ணு முகத்தைத் தேய்ச்சு முட்டை மாதிரி ஆக்கிட்டான். இன்னொருத்தன் மதியச் சாப்பாட்டுக்குப் போனவன் வரல. அது வேற கதை. இவகிட்ட, கம்ப்யூட்டர் சரியாயிட்டுன்னு ஒரு தகவல் சொல்லணும், அவ்வளவுதான். ஒம்போது வருசம் உக்காந்த சீட்டு. என்ன ஆச்சோன்னு அந்தப் பிள்ளை கவலைப்படும்லா?

போன்லயே சொல்லலாமேன்னா? எடுக்க மாட்டேங்கா சார். பதினோரு நாளா அடிக்கேன். ரிங் போகுது, போகுது, நின்னு போகுது.

எட்டயபுரம் வந்துட்டு. பத்து நிமிசம் நிப்பான். சார், உங்க போனைக் கொஞ்சம் குடுக்கீங்களா? ஒரே ஒரு கால்தான். புது நம்பர்னா எடுப்பா. நம்பர் பாக்க வேண்டாம், மனப்பாடமா இருக்கு.

ஹலோ? ஜெபா, நான்தாம்மா. வைக்காத, வைக்காத. பஸ்ஸுல ஒரு சாரு போனும்மா. இல்ல, சத்தம் போடக் கூப்பிடல. அந்த டிக்கை எடுத்துட்டேன்னு சொல்லத்தான். ஆமா. வரல, இப்பம் கட்டம் வரல. நானேதான். ஒரு மணி நேரம் ஆச்சு. ஆமா. ஆமாம்மா, சொன்ன. மொத நாளே சொன்ன. செவ்வாக்கிழமை. கேக்கல. ஆமா, கேக்கல. அந்தப் பிரஷ் எல்லாம், ஒரு போன் போட்டிருக்கணும். போட்டிருக்கணும்மா. வாத்தியார் வீட்டுல நீ சொன்னதுக்கு நான் இன்னும் ஒரு வார்த்தை. ஹலோ? ஜெபா? ஹலோ?

கட்டாயிட்டு சார். சிக்னல் இல்ல போல. பாருங்க, பஸ் ஸ்டாண்டுக்கு நடுவுல நிக்கோம், எதுத்தாப்புல டவரே நிக்கு, சிக்னல் இல்ல. நல்ல போன் வச்சிருக்கீங்க.

ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்களேன்.